பரிசலுக்கு ஒரு வண்டி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது. பேசியபடியே எழுதி, படிக்க வசதியாகக் கொஞ்சம் ஒழுங்கு செய்யப்பட்டது.)



எனக்கு முன்னாடி பேசினவங்க கறவை மாடு, தையல், மசாலாப் பொடி, ஊறுகாய்னு பேசினாங்க. நான் ஒரு தள்ளுவண்டியைப் பத்திப் பேச வந்திருக்கேன். அது காய்கறி விக்கிற வண்டி இல்லை. பரிசலை ஏத்திக்கிட்டுப் போற வண்டி. "அதுல பேச என்ன இருக்கு"ன்னு சில பேர் நினைக்கலாம். கேட்டுட்டுச் சொல்லுங்க.

எங்கள் ஊர் வைகை அணையின் தண்ணீர் தேங்குகிற ஓரத்தில் இருக்கிறது. 1959-ல் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது திறந்த அணை அது. கம்பம் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும், உங்க ஊர் வாய்க்கால்ல ஓடுற தண்ணிதான் எங்க ஊருக்கு வந்து தேங்குது. 1895-ல் பென்னிகுக் துரை கட்டி முடிச்ச பெரியாறு அணையிலிருந்து, மலையைக் குடைஞ்ச சுரங்க வழியாகக் கிழக்கே திரும்பி, லோயர் கேம்பில் மின்சாரம் எடுத்துக் கொடுத்து, பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக வயலுக்குப் பாய்ஞ்சு, மிச்சம் வைகையோடு சேர்ந்து எங்களிடம் வருது. வருசநாட்டு மலையில் மழை பெய்தால் மூல வைகைத் தண்ணியும் வரும்.

அணையின் முழு மட்டம் 71 அடி. 66 அடி வந்தால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-க்கு இரண்டாவது, 69-க்கு மூன்றாவது. மதுரைக்காரங்க அந்த நம்பரைக் கேட்டு, ஆத்துல தண்ணி வருமான்னு பார்ப்பாங்க. நாங்க அதே நம்பரைக் கேட்டு, நாளைக்கு எவ்வளவு தூரம் நடக்கணும்னு பார்ப்போம். ஏன்னா அணைக்குள்ள தரை கிண்ணம் மாதிரி செங்குத்தா இறங்காது, தாம்பாளம் மாதிரி சாய்வா இறங்கும். மட்டம் ஒரு அடி குறைந்தால் கரை ரொம்ப தூரம் உள்ளே போயிடும். கயிறு போட்டு நாங்களே அளந்தோம். தை மாசத்தில் எங்கள் தெரு முனையிலிருந்து தண்ணி 200 மீட்டர். வைகாசியில் அதே இடத்திலிருந்து ஒன்றேகால் கிலோமீட்டர். அந்த ஒன்றேகால் கிலோமீட்டரில் பாதி சீமைக்கருவேலங்காடு, மீதி வண்டல். அந்த வண்டல் மேலே காய்ந்து பாளம் பாளமா வெடிச்சிருக்கும், உள்ளே பிசுபிசுன்னு கால் இறங்கும்.

எங்க வீட்டுக்காரர் இருபது வருசமா அந்த அணையில் முறையான அனுமதியோடு மீன் பிடிச்சவர். பரிசலைத் தலையில் கவிழ்த்துத் தூக்கிட்டுப் போவார். இடுப்பு எலும்பு தேய்ஞ்சுபோய், இனிமே ஒரு குடம் தண்ணிகூடத் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். பரிசல் புளியமரத்தடியில் கவிழ்ந்து கிடந்தது. வீட்டில் மூணு பிள்ளைகள். துடுப்பு போட எனக்குத் தெரியும், வலை கட்டவும் தெரியும், சின்ன வயசிலேயே எங்கப்பா கூடப் போய் பழகினவதான். என் மதினியும் நானும் ஒரு பரிசல், பக்கத்து வீட்டுச் சின்னம்மாவும் அவங்க மருமகளும் இன்னொரு பரிசல்னு நாலு பேரும் இறங்கினோம்.

தண்ணிக்குள்ள எங்களுக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. சாயங்காலம் வலையைப் போட்டுட்டு வருவோம், விடியக்காலம் போய் எடுப்போம். கட்லா, ரோகு, ஜிலேபி எது கிடைச்சாலும் காலை ஏழு மணிக்குள்ள வித்துப் போயிடும். கஷ்டமெல்லாம் தரையில்தான். பரிசலைத் தண்ணி வரைக்கும் யார் கொண்டுபோறது? கரையிலேயே போட்டுட்டு வரலாமேன்னு கேப்பீங்க. போட்டால் அடுத்த நாள் துடுப்பு இருக்காது, சில நாள் பரிசலே இருக்காது. வெயிலில் கிடந்தால் தார் உருகி ஒழுக ஆரம்பிச்சுடும். அதனால தினமும் வீட்டுக்குக் கொண்டு வந்தாகணும்.

பரிசல்னா தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். மூங்கிலைக் கிழிச்சு, பெரிய கூடை மாதிரிப் பின்னி, அடியில் பிளாஸ்டிக் சாக்கு அல்லது தார்ப்பாய் சுத்தி, மேலே தார் பூசினால் பரிசல். அந்தக் காலத்தில் மாட்டுத் தோல் போர்த்தினார்கள். இப்போ ஃபைபரில்கூட வருது. எங்க பரிசல் குறுக்கே ஆறரை அடி. மூங்கில் தண்ணி குடிச்ச பிறகு தராசில் தொங்கவிட்டுப் பார்த்தோம், 42 கிலோ.

42 கிலோவைப் பொம்பளை தலையில் தூக்கலாமா? சித்தாள் வேலை பார்த்தவங்க, நெல் மூட்டை தூக்கினவங்க இங்கே நிறைய இருக்கீங்க, "தூக்கியிருக்கோமே"ன்னு சொல்வீங்க. உண்மைதான். ஆனா உலகத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே ஒரு உடன்படிக்கை போட்டிருக்கு. ஒரு ஆள் கையால் தூக்குற சுமைக்கு ஒரு எல்லை வேணும்னு அது சொல்லுது. ஆம்பளைக்கே அதிகபட்சம் 55 கிலோதான்னு அதோடு சேர்ந்த பரிந்துரை சொல்லுது. பெண்ணுக்கு அதைவிட நல்லாக் குறைச்சு வைக்கணும்னு உடன்படிக்கையிலேயே இருக்கு. இந்தியாவும் 2010-ல் அதை ஏத்துக்கிச்சு. ஆனா அணைக்கரையில் வந்து எடை போட்டுப் பார்க்க யாரும் இல்லை. இடுப்புவலி, அடிவயித்துவலி, கர்ப்பப்பை இறக்கம்னு நம்ம குழுக் கூட்டத்தில் சேமிப்பு எண்ணி முடிச்ச பிறகு மெதுவாப் பேசுற பேச்செல்லாம் எங்கேயிருந்து வருது? நம்ம தலையில ஏறின சுமையிலிருந்துதான் வருது.

எங்களால் தூக்க முடியலை. ஆள் வச்சுத் தூக்கினோம். ஒரு பரிசலுக்குப் போக வர ஒரு நாளைக்கு நூறு ரூபாய். மாசத்தில் பதினெட்டு நாள் இறங்கினால் 1,800. இரண்டு பரிசலுக்கும் சேர்த்து 3,600. பணத்தைவிடப் பெரிய தொல்லை ஒண்ணு இருந்துச்சு. தூக்குற ஆள் வர்ற நேரம்தான் எங்க நேரம். விடியக்காலம் நாலரைக்கு வலை எடுக்கணும். ஆள் ஆறு மணிக்கு வருவார். அதுக்குள்ள வலையில் மாட்டின மீன் செத்து வயிறு வெளுத்துடும், பாதி விலைக்குத்தான் போகும். சில நாள் அவர் வரவே மாட்டார். தொழில் எங்க பேர்ல இருந்துச்சு. ஆனா தொழிலோட சாவி வேற ஆள் இடுப்புல தொங்குச்சு.

அப்போதான் பாலிடெக்னிக் படிக்கிற என் மக போன்ல ஒரு வீடியோ காட்டினா. வெளிநாட்டுல காயக்னு ஒரு படகு. மெலிசா, நீளமா, ஒரு ஆள் காலை நீட்டி உக்கார்ற மாதிரி இருக்கும். வடதுருவப் பக்கத்து மக்கள் சட்டத்தின் மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்திச் செஞ்ச படகாம் அது. நம்ம பரிசல் மூங்கில் மேல மாட்டுத்தோல் போர்த்தினது, அது அவங்க ஊர்த் தோல், அவ்வளவுதான் வித்தியாசம். வேல்ஸ்ல நம்ம பரிசல் மாதிரியே ஒண்ணு இருக்கு, அதை முதுகில் வார் போட்டு மாட்டி நடக்கிறாங்க. ஒகேனக்கல்ல நம்ம ஆளுங்க தலையில் கவிழ்த்துத் தூக்குறதை நீங்களே பார்த்திருப்பீங்க. இலேசான படகுன்னா எந்த நாட்டிலும் தண்ணியில் அது மனுசனைத் தூக்கும், தரையில் மனுசன் அதைத் தூக்கணும். அந்த வீடியோவில் ஒருத்தர் காயக்கின் நடு வயித்துக்குக் கீழே இரண்டு சக்கரத்தை வச்சு, வாரைக் கட்டி, ஒரு முனையை ஒத்தைக் கையால் பிடிச்சு இழுத்துட்டுப் போறார். கடையில் விக்கிறதை வாங்காம, வீட்டுல கிடந்த குழாயையும் பழைய சக்கரத்தையும் வச்சு அவரே செஞ்சதாம்.

"அம்மா, நாமளும் செய்யலாமே"ன்னா மக. ஆனா காயக் நீளம், பரிசல் வட்டம். அதுக்குச் சரியானது இதுக்குச் சரியாகாது. அவர் போறது சிமெண்டுத் தரை, நாம போறது வண்டல். அதனால வீடியோவைப் பார்த்து அப்படியே செய்யாம, நம்ம பரிசல், நம்ம பாதை, நம்ம கை மூணுக்கும் பொருந்துற மாதிரி யோசிச்சோம். நாலு பேரும், என் மகளும், மாட்டு வண்டி ஓட்டின எங்க மாமனாரும், ஊர் வெல்டிங் பட்டறைத் தம்பியும் உக்கார்ந்து பேசினோம். எப்படிச் செஞ்சோம்னு வரிசையா சொல்றேன், தேவைப்படுறவங்க குறிச்சுக்கங்க.

முதல்ல சக்கரம். சைக்கிள் சக்கரம், மொபெட் சக்கரம், ஆட்டோ சக்கரம் மூணையும் கடன் வாங்கி வண்டலுக்குக் கொண்டுபோனோம். சக்கரத்தின் நடுவில் கம்பியைச் செருகி, இரண்டு பக்கமும் ஆள் பிடிச்சுக்க, சின்னம்மாவின் மருமகள் கம்பியில் ஏறி நின்னா. சைக்கிள் சக்கரம் மூணு விரல்கடை இறங்குச்சு. மொபெட் இரண்டு விரல்கடை. ஆட்டோ சக்கரம் ஒரு விரல்கடைகூட இல்லை. அகலமான டயர் பாரத்தைப் பரப்பிக்கும், அதனால் இறங்காது. யானைக்காலும் ஆட்டுக்காலும் சேத்துல பதியுற வித்தியாசம்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. சைக்கிள், மொபெட் சக்கரமெல்லாம் இரண்டு பக்கமும் கவை போட்டுப் பிடிக்கிறதுக்காகச் செஞ்சது. ஒரு பக்கம் மட்டும் பிடிச்சுப் பாரம் ஏத்தினா அச்சு வளைஞ்சுடும். ஆட்டோவின் பின் சக்கரம் ஒரு பக்கம் போல்ட் போட்டு நிக்கிற சக்கரம். அதனால சட்டத்தை எளிமையாப் போடலாம்னு பட்டறைத் தம்பி சொன்னார். பழைய இரும்புக் கடையில் இரண்டு சக்கரத்தையும் அதன் குடத்தோடு வாங்கினோம். லேத்தில் கொடுத்து, பேரிங் உக்கார்ற மாதிரி அச்சைக் கடைஞ்சு வாங்கினோம்.

அடுத்தது அகலம். சக்கரத்துக்குச் சக்கரம் மூன்றரை அடி. அதைவிடக் குறைச்சா மேட்டில் ஒரு பக்கம் ஏறும்போது சாஞ்சுடும். அதைவிடக் கூட்டினா கருவேலங்காட்டு ஒத்தையடிப் பாதையில் போகாது. பரிசல் ஆறரை அடியாச்சேன்னு கேட்டா, அது உசரத்தில் இருக்கு, கிளையை ஒதுக்கிக்கலாம். சக்கரம் போற பாதைதான் முக்கியம்.

மூணாவது, பரிசல் உக்கார்ற இடம். பரிசலின் அடி உருண்டை, குழாய்ச் சட்டத்தில் வச்சா குழாய் தாரைத் தேய்ச்சு ஓட்டை போட்டுடும். இதுக்கு வழி சொன்னது என் மதினி. "பானைக்குக் கீழ சும்மாடு வைக்கிற மாதிரி ஏதாவது வைங்கடி"ன்னா. பழைய கார் டயர் ஒண்ணை வாங்கி, சட்டத்தின் மேல் படுக்க வச்சுக் கட்டினோம். பரிசல் அதில் அப்படியே கச்சிதமா உக்கார்ந்துச்சு. ரப்பர் ஆனதால தாரும் உரியாது, வழுக்கவும் வழுக்காது. பரிசல் விளிம்பிலிருந்து நாலு பக்கமும் கயிறு இழுத்துச் சட்டத்தில் கட்டுறோம்.

நாலாவதுதான் ரொம்ப முக்கியம், பாரம் எங்கே விழணும்ங்கிறது. இதை எங்க மாமனார் பார்த்துக்கிட்டார். மாட்டு வண்டியில முன்பாரம் ஜாஸ்தியானா மாட்டுக் கழுத்து நோகும். பின்பாரமானா நுகத்தடி மேலே தூக்கி மாட்டுக் கழுத்தை இறுக்கும். கொஞ்சம் முன்பாரம் இருக்கணும், ஆனா கொஞ்சம்தான். எங்க கணக்கு இது: பரிசல் 42 கிலோ, வலை 8, ஐஸ் பெட்டி 10, நல்ல நாளில் மீன் 30, ஆக மொத்தம் 90 கிலோ. அச்சுக்கு நேர் மேலே இல்லாமல் கைப்பிடிப் பக்கம் நாலு அங்குலம் தள்ளிப் பாரத்தை வச்சோம். அச்சிலிருந்து கைப்பிடி 60 அங்குலம். 90-ஐ நாலால் பெருக்கி 60-ஆல் வகுத்தால் ஆறு. அதாவது 90 கிலோ பாரத்தில் கையில் விழுறது ஆறு கிலோதான், மிச்சம் சக்கரத்தின் மேலே. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நெம்புகோல்னு சொல்லிக்கொடுக்கிறதும் இதுதான்னு என் மக சொன்னா. மாமனாருக்கு அந்தப் பேர் தெரியாது, கணக்கு தெரிஞ்சிருந்தது.

ஐந்தாவது, கைப்பிடி. குறுக்குக் கம்பியா நாலடி நீளத்துக்குப் போட்டோம், இரண்டு பேர் பக்கத்துல பக்கத்துல நின்னு பிடிக்கலாம். உசரம் எங்க இடுப்புக்குச் சரியா வச்சோம். கடையில் விக்கிற வண்டியெல்லாம் ஆம்பளை உசரத்துக்குத்தான் இருக்கு, குனியாமலும் தோளைத் தூக்காமலும் தள்ளினாத்தான் முதுகு பிழைக்கும். கைப்பிடிக்குக் கீழே ஒரு நிறுத்துக்கால் வச்சோம், இல்லைன்னா நிறுத்தும்போது வண்டி குப்புறக் கவிழும்.

செலவையும் சொல்லிடுறேன். சக்கரம் குடத்தோடு 1,800 ரூபாய். அச்சும் லேத் கூலியும் 900. இரும்புக் குழாய் 1,400. வெல்டிங் கூலி 1,000. பழைய டயர் 150. கயிறு, கிரீஸ், பெயிண்ட் 350. ஆகமொத்தம் 5,600 ரூபாய்.

இந்த 5,600-க்காக நாங்க முதல்ல போன இடம் ஒரு வங்கி. பேர் வேண்டாம். "என்ன தொழில்?"னு கேட்டாங்க. மீன்பிடின்னு சொன்னோம். "அப்போ வலைக்குக் கேளுங்க, பரிசலுக்குக் கேளுங்க, தர்றோம். தள்ளுவண்டின்னா வியாபாரத்துக்குத்தான் தருவோம். சுமை தூக்க வண்டின்னா எந்தத் தலைப்பில் எழுதுறது?"ன்னாங்க. அவங்க மேல கோபமில்லை, அவங்க படிவத்தில் அப்படி ஒரு கட்டமே இல்லை. ஆனா வலைக்குக் கடன் உண்டு, அந்த வலையைத் தண்ணிக்குக் கொண்டுபோறதுக்குக் கடன் இல்லைங்கிறது எந்த ஊர் நியாயம்?

திரும்பி வந்து குழுவில் வச்சோம். அங்கேயும் சுலபமா முடியலை. "கடன் வாங்கினா வருமானம் வரணும், வண்டி என்ன வருமானம் தரும்?"னு ஒரு அக்கா கேட்டாங்க. கேள்வி சரிதான். எங்க ஊக்குநர் கணக்கு நோட்டை எடுத்து, "வருமானம் வர்றது ஒண்ணு, போற காசு நிக்கிறது ஒண்ணு. இரண்டும் ஒரே காசுதான்"னு சொல்லி, மாசம் 3,600 தூக்குக் கூலியை எழுதிக் காட்டினாங்க. தீர்மான நோட்டில் எழுதி, நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டியில் உள்கடன் கொடுத்தாங்க. மாசம் 800 வீதம் ஏழு தவணை. நாலு பேர் பங்கு போட்டா ஆளுக்கு 200-ம் வட்டியும். ஏழாவது தவணை கட்டி முடிச்சாச்சு.

வண்டி ஓட ஆரம்பிச்ச பிறகு, மீன் நிறுக்கிற தொங்கு தராசை வண்டியில் மாட்டி இழுத்துப் பார்த்தோம். கட்டாந்தரையில் 90 கிலோ பாரத்தோடு இழுக்க ஐந்து கிலோ இழுவைதான் காட்டுச்சு. வண்டலில் 23 கிலோ. டயரில் காத்தைக் கொஞ்சம் இறக்கினதும் அதே வண்டலில் 18 கிலோ. டயர் தட்டையாகி அகலமாப் படியும். இரண்டு பேர் இழுத்தா ஆளுக்கு ஒன்பது கிலோ. தலையில் 42 கிலோ எங்கே, கையில் ஒன்பது கிலோ எங்கே!

பயன்படுத்துறதிலும் சில விசயம் இருக்கு. கருவேலமுள் டயரைச் சும்மா விடாது. பழைய டியூபைப் பட்டையா வெட்டி, டயருக்கும் டியூபுக்கும் நடுவில் வச்சோம். அதுக்கப்புறம் பஞ்சர் ரொம்பக் குறைஞ்சுடுச்சு. அச்சைத் தண்ணிக்குள்ள இறக்கக் கூடாது. பேரிங்கில் சேறு போனா துரு பிடிச்சுடும். கரையோரத்தில் நிறுத்தி, பரிசலை மட்டும் இறக்கணும். மாசம் ஒரு தடவை கிரீஸ். சரிவில் இறங்கும்போது வண்டிக்கு முன்னால் நிக்கவே கூடாது. 118 கிலோ அது, வண்டியின் எடையே 28. வண்டியை முன்னால விட்டு, கைப்பிடியை மேட்டுப் பக்கம் வச்சு, பின்னால் சாய்ஞ்சு பிடிச்சுக்கிட்டே இறங்கணும், இன்னொரு ஆள் கயித்தைப் பிடிச்சுக்கணும்.

ஆடிக் காத்து எங்க பக்கம் எப்படி அடிக்கும்னு தெரியும். ஆண்டிபட்டிப் பக்கம் காத்தாடி மரம் மாதிரி எத்தனை காற்றாலை நிக்குது பாருங்க. அந்தக் காத்தில் நிமிர்ந்த பரிசல் பாய்மரம் மாதிரி ஆயிடும், வண்டியோடு சாய்ச்சிடும். அந்த மாசத்தில் குறுக்கே இரண்டு மூங்கில் கட்டி, பரிசலைக் கவிழ்த்து வச்சுக் கட்டிக் கொண்டுபோவோம். காத்து மேலே வழுக்கிப் போயிடும். ரொம்பக் காத்துன்னா தண்ணியிலேயே இறங்க மாட்டோம். இறங்குற நாளெல்லாம் லைஃப் ஜாக்கெட் போடாம யாரும் பரிசலில் காலை வைக்கிறதில்லை.

இப்போ விடியக்காலம் நாலு மணிக்கு நாங்களே கிளம்புறோம். ஒரு பரிசலைக் கொண்டுபோய் இறக்கிட்டு, ஒருத்தி காலி வண்டியோடு திரும்பி வந்து அடுத்ததை ஏத்திக்கிட்டுப் போவா. மீன் கரைக்கு வரும்போது துடிச்சுக்கிட்டு இருக்கு. ஆறு மணிக்கெல்லாம் வியாபாரிகள் வந்து நிக்கிறாங்க. விலையை நாங்க சொல்றோம்.

எல்லாம் சந்தோசமா முடிஞ்சதுன்னு சொன்னா அது பொய். எங்க பரிசலைத் தூக்கினது வேத்து ஆள் இல்லை, என் கொழுந்தனாரும் அவர் மகனும்தான். "பரிசல் தூக்குறது ஆம்பளை வேலை, நாலு பொம்பளைங்க சேர்ந்து எங்க பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்க"ன்னு சொன்னார். அவர் சொல்றதிலும் உண்மை இருக்கு. மாசம் 3,600 அந்த வீட்டுக்குப் போய்க்கிட்டிருந்த காசு. எங்களுக்கு மிச்சமானது அவங்களுக்கு நஷ்டம். அதை மறைச்சுட்டு வண்டியைப் பெருமையாப் பேச எனக்கு மனசு வரலை. அவர் மகன் மூணு மாசம் கழிச்சு வந்து, "சித்தி, எங்க பரிசலுக்கு வண்டி கிடைக்குமா"ன்னு கேட்டான். அவனும் சொந்தப் பரிசலை இரண்டு வருசமா சும்மா போட்டு வச்சிருந்தான். இப்போ எங்க வண்டி திரும்பினதும் அவன் எடுத்துட்டுப் போறான். மாசம் 150 ரூபாய் கிரீஸ், டயர்ச் செலவுக்குக் கொடுக்கிறான். கொழுந்தனார் இன்னும் எங்க வாசல்படி ஏறலை. ஏறுவார்னு காத்திருக்கோம்.

இந்த வண்டியைப் பார்க்க சுருளிப்பட்டிப் பக்கத்துக் குழு ஒண்ணு வந்துச்சு. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்சது உங்களுக்கெல்லாம் தெரியும். திராட்சைக்குக் கிடைச்ச மரியாதை, பந்தலுக்கடியில் குனிஞ்சு குனிஞ்சு பெட்டி சுமக்கிற இடுப்புக்குக் கிடைக்கலை. அவங்க எங்க அளவையெல்லாம் எழுதிக்கிட்டாங்க. பந்தல் வரிசைக்கு நடுவில் போற மாதிரி அகலத்தைக் குறைக்கணும், டயர் சும்மாட்டுக்குப் பதிலா தட்டுப் பலகை வேணும், கொடி தட்டாத உசரம் வேணும்னு அவங்களே கண்டுபிடிச்சுச் சொன்னாங்க. அதுதான் சரி. எங்க வண்டி அவங்களுக்கு ஆகாது, எங்க யோசனைதான் ஆகும். வாழைத்தார், தண்ணிக் குடம், மாட்டுத்தீவனம்னு ஒவ்வொரு ஊர்ச் சுமைக்கும் ஒவ்வொரு வண்டி.

தென்னாப்பிரிக்காவில் 1991-ல் இரண்டு பேர் தண்ணிக்கு ஒரு உருளை கண்டுபிடிச்சாங்க. 90 லிட்டர் தண்ணியைப் பீப்பாயில் அடைச்சு, கைப்பிடி மாட்டி, தரையில் உருட்டிட்டே வீட்டுக்குக் கொண்டு வர்றது. அங்கேயும் தலையில் குடம் சுமந்தது பெண்கள்தான். சக்கரம் கண்டுபிடிச்சு எத்தனையோ ஆயிரம் வருசமாச்சு. ஊரெல்லாம் லாரி, ஜீப், ஆட்டோன்னு ஓடுது. ஆனா பெண்கள் தலைக்கும் தரைக்கும் நடுவில் சக்கரம் வர மட்டும் இத்தனை காலம் ஆகுது. ஏன்னா நாம தூக்குற சுமைக்கு யாரும் கணக்கு எழுதலை. அந்தச் சுமைக்குக் கூலின்னு ஒண்ணு கொடுத்திருந்தா, அதைக் குறைக்க எப்பவோ வழி தேடியிருப்பாங்க.

தமிழ்நாட்டில் சுய உதவிக் குழு 1989-ல் தருமபுரியில் ஆரம்பிச்சபோது, கந்துவட்டியிலிருந்து தப்பிக்கணும்ங்கிறதுதான் பெண்களுக்குப் பெரிய கவலை. அது முழுசாப் போகலைன்னாலும், நாம எவ்வளவோ தாண்டி வந்துட்டோம். அதனால இந்த மேடையில் கூட்டமைப்புக்கு மூணு கோரிக்கை வைக்கிறேன்.

ஒண்ணு, நம்ம கடன் படிவத்தில் "சுமை குறைக்கும் கருவி"ன்னு ஒரு தலைப்பைச் சேருங்க. வங்கிப் படிவத்தில் கட்டம் இல்லைன்னா பரவாயில்லை, நம்ம படிவத்தை நாமதானே அச்சடிக்கிறோம்.

இரண்டு, ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, தங்கள் உறுப்பினர் ஒரு நாளைக்கு எவ்வளவு எடையை எவ்வளவு தூரம் தூக்குறாங்கன்னு எழுதுங்க. தராசு இல்லாத ஊர் கிடையாது. கடன் கணக்கு எழுதுற கையால் சுமைக் கணக்கையும் எழுதுங்க. கணக்கு நோட்டில் ஏறாதவரைக்கும் யாரும் கேக்க மாட்டாங்க.

மூணு, வெல்டிங், லேத் தெரிஞ்ச பிள்ளைகளை, முக்கியமா ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படிக்கிற நம்ம வீட்டுப் பெண் பிள்ளைகளை, கூட்டமைப்பு கூப்பிட்டு உக்கார வைக்கணும். இந்த மாதிரி வண்டிகளை அவங்களே செஞ்சு கொடுத்தா, அதுவும் ஒரு தொழில்தான். என் மக இப்போவே இரண்டாவது வண்டிக்குப் படம் போட்டு வச்சிருக்கா. இதில் நிறுத்துக்காலோடு ஒரு பிரேக்கும் வருது.

அதிகமாப் பேசிட்டேன், நேரமாச்சுன்னு தலைவி அக்கா மணியைப் பார்க்கிறாங்க. வண்டியைக் கையோடு கொண்டு வந்திருக்கோம், மினி லாரியில் ஏத்தி. மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் பரிசலோடு நிக்குது. உள்ளே 30 கிலோவுக்கு மீனுக்குப் பதிலா மணல் மூட்டை வச்சிருக்கோம். சாப்பிட்டுட்டு எல்லாரும் வந்து ஒரு தடவை தள்ளிப் பாருங்க. வயசான அப்பத்தாமார்கள் முதல்ல வாங்க, உங்க கையில் அது எப்படிப் போகுதுன்னு நாங்க பார்க்கணும். அளவெல்லாம் ஒரு தாளில் எழுதி, படத்தோடு மரத்தில் ஒட்டியிருக்கு. வேணும்கிறவங்க படம் எடுத்துக்கங்க, குழுவில் பேசுங்க. சந்தேகம்னா எங்க ஊருக்கு வாங்க. விடியக்காலம் வந்தா அணைக்கரையில் இருப்போம், நல்ல மீனும் வாங்கிட்டுப் போகலாம்.